நடுவில் ஒதுங்கும் குஞ்சுகள்

அனஸ்தாசியா பொய் சொல்வதற்கென்று ஒரு நேரம் இருந்தது. காலை பத்து மணி, பால் விடாத பிளேன்டீ குடிக்கும் நேரம். இத்தாலிக்குப் போன அவளுடைய மச்சாளின் வீட்டில், மழை வந்தால் ஜன்னல்கள் தாமாகவே கண்ணை மூடிக்கொள்ளுமாம். தலவிலைத் தேவாலயத் திருவிழாவில் காணாமற்போன அவளுடைய செருப்பு, மூன்று மாதம் கழித்து ஒரு திருக்கையின் வயிற்றில் இருந்து வந்ததாம். அதுவும் இடது கால் செருப்பு மட்டும். வயதைக் கேட்டால் முப்பத்தெட்டு என்பாள். மூத்த மகளுக்கே இருபத்தொன்பது நடக்கிறது.

"அப்ப ஒம்பது வயசுலயா பெத்தீங்க அக்கா?"

"எங்கட ஊர்த் தண்ணி அப்பிடி" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பிளேன்டீக்குக் கோப்பையை நீட்டுவாள்.

பத்தேகாலுக்கு எழுந்து கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டு பரிசோதனை மேசைக்குப் போவாள். அதற்குப் பிறகு அவள் வாயில் பொய் வராது. மேசையின் இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் வேறொரு பெண். நாலு வருடமாக அவளோடு வேலை செய்தும் றவூபுக்கு இது பழகவே இல்லை.

நுரைச்சோலையைத் தாண்டி எத்தாளைக்குப் போகும் வழியில், கடலைப் பார்த்தபடி, கூரை உயர்ந்த நீளமான கட்டிடம் ஒன்றில் இருந்தது அந்த இறால் குஞ்சு பொரிப்பகம். ஊரில் அதை ஹெச்சரி என்றுதான் சொல்வார்கள். முட்டையாக வரும் இறாலை, கண்ணிமை மயிரளவு குஞ்சாக வளர்த்து, உப்பங்கழிக் களப்போரத்துப் பண்ணைகளுக்கு விற்பது தொழில். உள்ளே இரண்டு பிரிவு. முதலாம் பிரிவுக்கு றவூப் பொறுப்பு. இரண்டாம் பிரிவுக்கு ஃபாஹிம். வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் இரண்டு பிரிவின் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். உள்ளே வருகிற ஆள் சலாம் சொல்ல முந்தி அந்தப் பலகையைத்தான் பார்ப்பான்.

எண் என்றால் இதுதான். விற்பனைக்கு முதல் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நூறு குஞ்சு எடுக்க வேண்டும். கடல்நீரில் இருந்தவற்றை நேராக நல்ல தண்ணீரில் விட வேண்டும். அரை மணி. பிறகு திரும்பவும் கடல்நீரில் அரை மணி. அந்த இரண்டு அதிர்ச்சியையும் தாங்கி எத்தனை உயிரோடு இருக்கின்றனவோ அதுதான் தொட்டியின் எண். எண்பதுக்கு மேலே என்றால் விற்கலாம். கீழே என்றால் குஞ்சு இன்னும் சில நாள் தொட்டியிலேயே கிடக்கும்.

சோதனை சின்னதுதான். அதில் சூது நுழைகிற ஓட்டை அதைவிடச் சின்னது. தொட்டியிலிருந்து ஒரு வாளி அள்ளி வெள்ளைப் பேசினில் ஊற்றிக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றினால் போதும். பலமுள்ள குஞ்சுகள் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். பலமில்லாதவை சுழியோடு இழுபட்டு நடுவில் ஒதுங்கும். சிறுவலையை ஓரத்தில் மட்டும் விட்டு நூறை எடுத்தால், எந்த நோஞ்சான் தொட்டியும் தொண்ணூற்றைந்துக்கு மேலே போகும். ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுதத் தேவையில்லை. எண்ணியதை எண்ணியபடியே எழுதலாம்.

ஃபாஹிமின் பிரிவு இரண்டு வருடமாகத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று போய்க்கொண்டிருந்தது. றவூபின் பிரிவு எண்பத்திரண்டு, எண்பத்தைந்து.

முந்தலுக்குப் பக்கத்தில் கம்பனி புதிய ஹெச்சரி ஒன்றைக் கட்டி முடித்திருந்தது. அதற்கு மேலாளர் ஒருவர் வேண்டும். இரண்டு பேரில் ஒருவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். றவூபுக்கு நாற்பது வயது. மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறில் வாப்பாவின் தோளில் வந்து இறங்கியவன், அதற்குப் பிறகு புத்தளத்தை விட்டு எங்கும் போகவில்லை. பதினொரு வருடமாகக் காலையிலிருந்து மாலை வரை றப்பர் பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர். இடது பூட்ஸில் ஓட்டை. சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒட்டியிருந்தான். கால்விரல் இடுக்குகள் வெடித்து, தொழுகைக்கு உளூச் செய்யும்போது தண்ணீர் பட்டால் உயிர் போகும். மேலாளர் என்றால் அவனுக்குக் காய்ந்த கால். அவ்வளவுதான் அவன் கேட்டது.

ஆனால் வீட்டில் மனைவி ஸும்றாவிடம், "கெடச்ச மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டான். ஸும்றா அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். பக்கத்து வீடு பள்ளிவாசல் வரைக்கும் சொன்னது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் அவனுக்கு முபாறக் சொல்லிக் கைகொடுத்தார்கள். மறுக்க வாய் வரவில்லை.

*

அனஸ்தாசியா சிலாபத்துக்காரி. அங்குள்ள மீன் சந்தையில் அவளுடைய அம்மாவுக்கு ஒரு மேசை இருந்தது. பதினாறு வயதில் அவளையும் வியாபாரத்துக்கு நிறுத்தினார்கள். வாங்க வந்த ஒருவர் பாரை மீனைத் தூக்கிப் பார்த்து, "இது இண்டைக்குப் பட்டதா?" என்று கேட்டிருக்கிறார். அவள் செவுளைத் திறந்து பார்த்தாள். "நேத்தையது. வெயிலும் பட்டிரிக்கி" என்றாள். அம்மா அன்றைக்கே அவளைப் பின்பக்கம் மீன் வெட்ட அனுப்பினாள். "இவள முன்னால விட்டா சந்தையையே மூட வேண்டி வரும்." அதன்பிறகு பத்து வருடம் அவள் கத்தியும் கையுமாகப் பின்பக்கத்தில்தான்.

தலவிலையில் கல்யாணம். புருஷன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். ஹெச்சரிக்கு அவள் முதலில் வந்தது நிலம் கழுவ. ஒரு நாள் பரிசோதனைக்காரி காய்ச்சலில் படுத்துவிட, கை சுத்தமாக இருந்த ஒரே ஆள் என்று அவளை நிறுத்தினார்கள். எண்ணிக் காட்டினாள். திரும்ப எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. இன்னொரு தொட்டி, இன்னொரு தொட்டி என்று கொடுத்தார்கள். மாலைக்குள் விளக்குமாறு வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது.

அவள் குஞ்சு எடுக்கும் விதத்தை றவூப் முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டான். பேசினைச் சுழற்றவில்லை. அடியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே, சோறு பிசைகிற மாதிரி மெல்லக் கலக்கினாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிறுவலையை விட்டாள்.

"இதென்ன அக்கா, ஜெபமா?"

"கண் தொறந்திருந்தா கை நல்லதத் தேடிப் போகும் தம்பி. கைக்கு வெக்கமில்ல."

அப்படி அள்ளியதைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். குஞ்சுகளின் உடம்பு கண்ணாடி. ஊடாகப் பார்த்தால் இரண்டு கரும்புள்ளிக் கண்கள், முதுகோடு ஓடும் நூலிழைக் குடல், துடிக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு துடிப்பு. ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும் நூறு உயிர்களை அவள் இரண்டே மூச்சில் எண்ணிவிடுவாள். றவூப் ஒன்றொன்றாகக் கரண்டியால் எடுத்து வைத்து, பத்து நிமிடம் எண்ணிச் சரிபார்த்திருக்கிறான். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை.

*

முடிவு சொல்லும் மாதத்தில்தான் றவூபின் ஆறாம் தொட்டி சறுக்கியது. அனஸ்தாசியா சொன்ன எண் எழுபத்தொன்று.

அதற்கு மறுநாள் றவூப் ஒரு வேலை செய்தான். அவள் பிளேன்டீ குடித்துக்கொண்டு, மச்சாளின் இத்தாலிய நாய்க்குப் பொற்பல் கட்டிய கதையை அளந்துகொண்டிருந்தபோது, அவன் ஆறாம் தொட்டியில் ஒரு வாளி அள்ளிப் பேசினில் ஊற்றிச் சுழற்றினான். ஓரத்தில் மட்டும் எடுத்தான். எண்ணி நூறைக் குவளையில் இட்டு, அவளுடைய மேசையில் அவளுடைய இடத்தில் வைத்தான். இந்த ஒரு தடவைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் வந்தாள். குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இறக்கி வைத்தாள்.

"ஆர் எடுத்தது?"

"நான்தான். நேரம் போகுது எண்டு..."

"றவூப் தம்பி, நூறு பேர் உள்ள குடும்பத்துல ஒரு சோம்பேறிகூட இல்லாம எங்கயாவது கண்டிருக்கீங்களா? எங்கட வீட்டுல நாலு பேர். அதுல மூணு பேர் சோம்பேறி. நாலாவது நான்."

குவளையைப் பேசினுக்குள் கவிழ்த்தாள். அடியும் மேலுமாகக் கலக்கினாள். கண்ணை மூடினாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. மேலே போய்ச் சொல்லவுமில்லை. ஆனால் றவூபுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருப்பதை எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த நூறுக்குள் இல்லாமற்போனதை அவள் எண்ணியிருந்தாள்.

"ஃபாஹிமும் அப்பிடித்தானே அக்கா எடுக்கிறான்" என்று கடைசியில் சொல்லிப் பார்த்தான். "பலகையப் பாருங்க. நாம மட்டும் என்னத்துக்கு?"

"நான் நல்லவ எண்டு நினைச்சிராதீங்க தம்பி. மனுசர்ர மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லுவன், எவ்வளவும் சொல்லுவன். மீனப் பாத்துச் சொல்ல வருதில்ல. சின்ன வயசிலயே வரல்ல. வியாதி மாதிரி."

*

கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்தது ஒரு புதன்கிழமைக் காலை. தொழிலாளிகள் அவரைச் சிங்களத்தில் லொக்கு சேர், பெரிய ஐயா, என்பார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியவர் பலகையைப் பார்த்தார், இரண்டு பிரிவின் பரிசோதனைப் புத்தகங்களையும் புரட்டினார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"புத்தகம் போதும். இண்டைக்கு ஆள மாத்துவம். முதலாம் பிரிவுப் பரிசோதனைக்காரி ரெண்டாம் பிரிவுத் தொட்டியப் பாக்கட்டும். அவங்கட ஆள் இவங்கட தொட்டிய. ஆளுக்கு ஒரு தொட்டி. முடிவு இங்கயே."

ஃபாஹிம் தலைமயிருக்கு ஜெல் தடவி, எந்நேரமும் ஒரு பாட்டை முணுமுணுத்துத் திரிகிறவன். அன்றைக்குச் சத்தமே இல்லை. றவூபை ஒரு தூண் மறைவுக்கு இழுத்தான்.

"றவூப் நானா, அல்லாஹ்வுக்காக ஒரு வார்த்த சொல்லுங்க அக்காக்கிட்ட. ஓரத்துல எடுக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்கிற ஆளா அவ?" என்றான் றவூப். இரண்டு வருடத்துச் சூது இன்றைக்கு நடுச்சுழியில் மிதக்கப் போகிறது. காய்ந்த கால்கள் அவனுக்குத் தெரிந்தன.

அனஸ்தாசியா ஃபாஹிமின் தொட்டியில் கலக்கினாள், கண்ணை மூடினாள், எடுத்தாள்.

ஃபாஹிமின் பரிசோதனைக்காரி நப்லா. இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். பணிப்பாளர் கைகாட்டிய றவூபின் ஆறாம் தொட்டிக்கு வந்தாள். வாளித் தண்ணீரைப் பேசினில் ஊற்றினாள். கையை விட்டு அழகாக ஒரு சுற்றுச் சுழற்றினாள். பிறகு, பாண் ரொட்டிக்கு ஓரம் வெட்டுகிற மாதிரி, பேசினின் விளிம்போடு சிறுவலையை ஓட்டி எடுத்தாள்.

றவூப் பார்த்தான். அவளிடம் களவில்லை. அப்படித்தான் எடுப்பது என்று ஃபாஹிம் பழக்கியிருந்தான். அதுதான் முறை என்று நம்பிச் செய்கிறாள். எதிராளியின் கோணல் கை இன்று அவனுடைய தொட்டியைத் தூக்கிவிடப் போகிறது.

அனஸ்தாசியாவும் பார்த்தாள். பிறகு றவூபை ஒரு தடவை பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்ப்பது மாதிரி. அதில் குற்றச்சாட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

அரை மணி, பிறகு அரை மணி. அந்த ஒரு மணி நேரத்தில் பணிப்பாளர் கதிரையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். ஃபாஹிம் எட்டுத் தடவை மூக்கைத் துடைத்தான். கடல் பக்கத்துக் காற்று கூரைத் தகடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் நப்லா எண்ணினாள். "ஆறாம் தொட்டி, தொண்ணூத்தேழு."

பிறகு அனஸ்தாசியா குவளையைத் தூக்கினாள். அவள் சொல்லப்போகும் எண் அவளுக்கும் சேர்த்துத்தான். றவூப் மேலாளராகப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டு போவான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. இரண்டு மூச்சு.

"தொண்ணூத்தி நாலு" என்றாள். எழுபத்தொன்று என்று சொன்ன அதே குரல்.

ஃபாஹிம் நம்பவில்லை. "எவ்வளவு?"

"தொண்ணூத்தி நாலு. நல்ல தொட்டி."

இரண்டு வருடமாக ஃபாஹிம் தன் தொட்டிகளின் நடுவைப் பார்த்ததே இல்லை. பயந்து பயந்து ஓரத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, நடுவும் நன்றாகத்தான் இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. தன் வீட்டு நிலத்துக்குள் கிணறு இருப்பதை இன்னொருத்தி வந்து காட்டியது போல.

பணிப்பாளர் எழுந்தார். "தொண்ணூத்தேழுக்குத் தொண்ணூத்தி நாலு. அப்ப றவூப்." கையை நீட்டினார்.

றவூபின் வலக்கை பாதி தூரம் போயிருந்தது. அப்போது அவன் மேசையைப் பார்த்தான். அனஸ்தாசியா குவளையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றேழைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அது அவளுடைய எண் அல்ல. அவள் தன் எண்ணைச் சொல்லி முடித்துவிட்டாள். எதிராளியின் தொட்டிக்கு, தன் பிழைப்புக்கு எதிராக, மூச்சு மாறாமல். இனி மிச்சம் அவனுடையது. அந்தச் சின்ன உருவம், ஈரச் சேலைத் தலைப்பு, மீன்கத்தி பட்டுத் தழும்பேறிய விரல்கள். ஒரு மலைக்கு அடியில் நிற்கிறவனைப் போல அவன் நின்றான்.

கை திரும்பி வந்தது.

"சேர், என்ட தொட்டிய இன்னொருக்கா எடுக்கணும். நடுவையும் சேத்து."

"நடுவுலயா?" என்று நப்லா திகைத்தாள். "நடுவுல உள்ளது அரைச் சீவன்லதானே கிடக்கும்! அத ஆராவது எடுப்பாங்களா?"

காற்றுக் குழாய்களில் குமிழி பொங்கிக்கொண்டிருந்தது. பணிப்பாளர் நப்லாவைப் பார்த்தார், பிறகு ஃபாஹிமை, பிறகு பலகையை. ஃபாஹிம் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"நீங்களே எடுங்க" என்றார் றவூபிடம்.

அவன் கழுவிய கைகளோடு பேசினுக்கு முன்னால் நின்றான். கலக்கினான். கண்ணை மூடினான். இருட்டுக்குள் வலையின் கனம் மட்டும் தெரிந்தது. கை எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. பதினொரு வருடத்தில் அப்படி ஒரு பயமும் அப்படி ஒரு இலேசும் அவன் அறிந்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எண் வந்தது. எழுபத்துமூன்று.

*

அடுத்த கிழமை கடிதம் வந்தது. மேலாளர் பதவி ஃபாஹிமுக்கு. "புத்தகத்துல சூது இரிக்கி, தொட்டியில இல்ல. நான் தொட்டிக்குத்தான் ஆள் தேடினன்" என்று பணிப்பாளர் தொலைபேசியில் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. இதில் நியாயம் எவ்வளவு என்று றவூப் நிறுத்துப் பார்க்கவில்லை. தொண்ணூற்றிநாலு அவள் வாயால் வந்த எண். அதோடு சண்டை பிடிக்க முடியாது.

போகும் நாளில் ஃபாஹிம் மேசைக்கு வந்தான். "அக்கா, ரெண்டு வருஷம் வீணாப் பயந்துட்டன்."

"வீணில்ல" என்றாள் அனஸ்தாசியா. "பயந்து பயந்து தீன் போட்டிருக்கீங்க. குஞ்சு கொழுத்திட்டுது. புது இடத்துக்குப் போனா நப்லாப் புள்ளைக்குக் கண்ண மூடப் பழக்குங்க. இல்லாட்டி நான் பஸ் ஏறி வருவன்."

வீட்டில் ஸும்றாவிடம் சொல்வதுதான் பெரிய காரியம். சாப்பிட்டு முடியும் வரை காத்திருந்து சொன்னான்.

"கெடக்கல்ல. கெடச்ச மாதிரி எண்டு நான் சொன்னதும் பொய்."

"என்ன நடந்தது?"

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னான். ஸும்றா கோப்பையை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கைய நீட்டின மனுசன்ட கையப் புடிக்காம விட்டீங்களா?"

"ஓம்."

கடைசிக் கோப்பையை அடுக்கி வைத்தாள். "பள்ளிவாசல்ல கைகொடுத்த ரெண்டு பேருக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க. என்னால ஏலா" என்றாள். பிறகு, "அந்த பூட்ஸுக்கு ஒட்டுப் போட்டது காணாது. புதுசு ஒண்டு எடுங்க. இன்னும் கன நாள் நிக்கணுமே" என்றாள்.

ஆறாம் தொட்டியின் நடுவை றவூப் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தான். எழுபத்தொன்று என்ற எண் பொய்யில்லை என்றால், அதற்குக் காரணம் ஒன்று தொட்டிக்குள் இருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துத் தேடியதில், நடுக் காற்றுக் குழாயின் வாயில் உப்புப் பொருக்குக் கட்டியிருந்தது. சுற்றிலும் குமிழி வந்தது. நடுவில் மட்டும் மூச்சில்லை. கம்பியால் குத்திவிட்டான். தொட்டியின் நடுவில் ஒரு வெள்ளைப் பூ விரிந்தது.

அடுத்த நாட்களில் அனஸ்தாசியாவின் எண்கள் எழுபத்தாறு என்று வந்தன, எழுபத்தொன்பது என்று வந்தன. இன்னொரு நாள் பிளேன்டீ நேரத்தில் அவள் மச்சாளின் வீட்டுக்கு இத்தாலி ஜனாதிபதி வந்து தேங்காயில் இடித்த பொல் சம்பல் கேட்ட கதையைச் சொல்லி முடித்தாள். ஒருவரும் நம்பவில்லை; எல்லாரும் சிரித்தார்கள். பத்தேகாலுக்குக் கையைக் கழுவினாள். கண்ணை மூடி எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் குவளையைத் தூக்கி, கடல் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

றவூப் புதிய பூட்ஸோடு பக்கத்தில் நின்றான். விரல் இடுக்குகள் எரிந்தன. குவளைக்குள் ஒளி நுழைந்து, அத்தனை கண்ணாடி உடம்புகளையும் கடந்து அவள் முகத்தில் விழுந்து அசைந்தது. இரண்டு மூச்சு.

"எண்பத்தி மூண்டு."

அவன் பேனையை எடுத்தான். திரும்ப எண்ணிப் பார்க்கவில்லை. பலகைக்குப் போய், தன் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதினான்.